பனியும் இருட்டும் பக்குவப்படுத்தும் சிவப்புக் கீரை



காலையில் ஒரு டம்ளர் காப்பி உள்ளே போகாவிட்டால் நம்மில் பலருக்குப் பொழுதே விடிவதில்லை. அந்தக் காப்பித்தூள் பொட்டலத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். காப்பி இத்தனை பங்கு, சிக்கரி இத்தனை பங்கு என்று அச்சடித்திருக்கும். கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. மீதிக்குத்தான் சிக்கரி. இந்தச் சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். முள்ளங்கி மாதிரி தடித்து இறங்கும் வேரைத் தோண்டி, துண்டு போட்டு, காயவைத்து, வறுத்து அரைக்கிறார்கள். நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இதைப் பயிர் செய்கிறார்கள்.

அதே செடியை வேருக்காக இல்லாமல் இலைக்காக வளர்க்கிறவர்கள் இத்தாலி நாட்டில் இருக்கிறார்கள். அந்த இலை கருஞ்சிவப்பாக இருக்கும், நடுநரம்பு பால் வெள்ளையாக இருக்கும், வாயில் போட்டால் கசக்கும். ராடிக்கியோ என்று அதற்குப் பெயர். நகரத்துப் பெரிய ஓட்டல்களில் பச்சையாக நறுக்கி வைக்கும் காய்கறித் தட்டில் சிவப்பாக ஓரிரு இலை கிடக்குமே, அது பல சமயம் இதுதான்.

"கசக்கிற கீரைக்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. கேட்பாரற்று வரப்போரத்தில் முளைக்கும் ஒரு களைச் செடியின் இனத்தைச் சேர்ந்தது இது. அதை விலை மதிப்புள்ள காய்கறியாக மாற்றியது புது உரமும் இல்லை, புது மருந்தும் இல்லை. அறுவடைக்குப் பிறகு விவசாயி செய்யும் வேலைதான் மாற்றியது. வயலில் பாதி, வயலை விட்டு வந்த பிறகு பாதி என்று விளைகிற பயிர் இது. அந்த இரண்டாவது பாதியை நாம் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது. இதைப் பயிரிட நினைப்பவர்கள் முதல் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

செடியின் குணம்

சூரியகாந்தி, சாமந்தி, லெட்யூஸ் கீரை எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் சிக்கரியும் ஒன்று. சித்த மருத்துவர்கள் சொல்லும் காசினிக் கீரையும் இந்தச் சிக்கரிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வட இந்தியாவில் பர்சீம் தீவனப் பயிருக்குள் காஸ்னி என்று ஒரு களை வரும். அதுவும் சிக்கரியே. ஒரு விவசாயி களை என்று பிடுங்கி எறிகிறார், இன்னொரு விவசாயி தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். இடமும் பக்குவமும் செய்கிற வித்தை அது.

முதல் வருடம் இந்தச் செடி இலையும் வேருமாக வளரும். குளிர்காலம் போய் பகல் நீண்டதும் நடுவிலிருந்து தண்டு கிளம்பி நீல நிறத்தில் பூ பூக்கும். நமக்கு வேண்டியது முதல் கட்டம் மட்டும்தான். பூத்தண்டு கிளம்பிவிட்டால் இலை விறைத்துப் போகும், கசப்பும் வாயில் வைக்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். அப்புறம் அது மாட்டுக்குத்தான்.

இலையை ஒடித்தால் பால் வடியும். கசப்புப் பொருள் அந்தப் பாலில் இருக்கிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளுக்குச் செடி வைத்திருக்கும் காவல் அது. வெயில் ஏற ஏற, தண்ணீர் குறையக் குறைய, இலை முற்ற முற்ற கசப்பும் கூடும்.

சிவப்புக்குக் காரணம் வேறு. சிவப்பு முட்டைகோஸிலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிற அதே சாய வகைதான் இதிலும் இருக்கிறது. இரவுக் குளிர் கூடினால் இந்தச் சாயம் இலையில் சேரும். அதனால்தான் கோடையில் பச்சையாகத் தெரிகிற பல ரகங்கள், பனி விழத் தொடங்கியதும் சிவந்துகொண்டே வரும். குளிர் இல்லாத இடத்தில் இதை வளர்த்தால் கசப்பு மட்டும் மிஞ்சும், நிறம் வராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஊருக்கு ஒரு ரகம்

இத்தாலியின் வடகிழக்கில் வெனெத்தோ என்று ஒரு மாநிலம். வெனிஸ் நகரம் இருப்பது அங்கேதான். பண்ருட்டிப் பலா, சேலத்து மாம்பழம் என்று நாம் சொல்கிற மாதிரி, அங்கே ராடிக்கியோவுக்கு ஊர்ப்பெயர் சேர்த்துச் சொல்வார்கள்.

வெனிஸுக்குத் தெற்கே கடலோர மணல் நிலத்தில் கியோஜா என்ற ஊர். அங்கே விளைவது சின்ன முட்டைகோஸ் மாதிரி உருண்டையாக இருக்கும். உலகம் முழுக்க அதிகமாகப் பயிராவதும் கடைகளில் கிடைப்பதும் இந்த ரகம்தான். மேற்கே வெரோனா ஊர் ரகம் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். காஸ்தெல்பிராங்கோ ரகத்தில் இலை வெளிர் மஞ்சளாக, மேலே குங்குமம் தெளித்த மாதிரி புள்ளி விழுந்திருக்கும். விரித்து வைத்தால் ரோஜாப் பூ என்றே நினைப்பீர்கள். வெனிஸுக்கு வடக்கே 30 கிலோமீட்டர் தூரத்தில் திரெவீசோ. அந்த ஊர் ரகத்தில் இலை நீளமாக இருக்கும். அதிலும் முன்பட்டம், பின்பட்டம் என்று இரண்டு உண்டு. பின்பட்டத்து ராடிக்கியோவில் இலை ஒல்லியாக, நுனி உள்ளே வளைந்து, விரல் மடக்கிய கை மாதிரி இருக்கும். விலையிலும் மதிப்பிலும் அதுதான் முதல்.

திரெவீசோ நகரத்துச் சதுக்கத்தில் 1900-ஆம் ஆண்டிலேயே ராடிக்கியோவுக்கு என்று கண்காட்சி வைத்தார்கள். திரெவீசோ, காஸ்தெல்பிராங்கோ ரகங்களுக்கு 1996-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-லும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லும் நாம் வாங்கிய புவிசார் குறியீடு போன்றதுதான் அது. அந்த வட்டாரத்தில், அந்த முறைப்படி விளைவித்தால்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம். எந்தத் தேதிக்கு முன்னால் அறுக்கக் கூடாது என்பது வரைக்கும் விதி இருக்கிறது. பயிரிடுகிறவர்களே சங்கமாகச் சேர்ந்து அதைக் காக்கிறார்கள்.

நாற்றிலிருந்து அறுவடை வரை

இந்தப் பயிரில் பாதி வெற்றி விதைக்கும் காலத்தில் இருக்கிறது. வெனெத்தோவில் ஜூன் மாதத்துப் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல் நீளும். நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் செடி பூத்தண்டு விடப் பார்க்கும். அதனால் பின்பட்டத்துக்கு உச்சப் பகல் கழிந்து ஜூலையை ஒட்டி விதைத்து, ஆகஸ்டில் நாற்றை நட்டுவிடுகிறார்கள். பகல் குறுகிக்கொண்டே வரும், குளிர் ஏறிக்கொண்டே வரும். செடி இலையிலும் வேரிலும் கவனம் வைக்கும்.

விதை சிறியது. அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் போட்டால் முளை மேலே வரத் திணறும். பொடி மண்ணைத் தூவி மூடினால் போதும். மண்ணில் 20 முதல் 25 டிகிரி சூடு இருந்தால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நாற்று 4, 5 இலை விட்டதும், அதாவது ஏறக்குறைய ஒரு மாதத்தில், பிடுங்கி நடலாம். செடிக்குச் செடி ஓரடி, வரிசைக்கு வரிசை ஓரடி அல்லது ஒன்றேகால் அடி விடவேண்டும். நடும்போது குருத்து மண்ணுக்குள் புதையக் கூடாது. புதைந்தால் அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

தண்ணீர் தேங்காத, மட்கு நிறைந்த மண் வேண்டும். காரமும் இல்லாமல் அதிகப் புளிப்பும் இல்லாமல் இருப்பது உத்தமம். நன்றாக மட்கிய தொழு உரத்தை அடியுரமாகப் போடலாம். பச்சைச் சாணத்தைப் போடவேண்டாம். யூரியா விஷயத்தில் கையை அடக்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் இலை தளதளவென்று வளரும், ஆனால் உருண்டை இறுகாது, இலை ஓரம் கருகும், மூட்டை கட்டி இரண்டு நாளில் அழுகும். "செழிப்பா இருக்கே, ஏன் வியாபாரி வாங்க மாட்டேங்கிறான்?" என்று விவசாயி திகைப்பது இந்த இடத்தில்தான்.

தண்ணீரைச் சீராகக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளம் விட்டால் கசப்பு கூடும், இலை வெடிக்கும். உருண்டை கட்ட ஆரம்பித்ததும் மேலே தெளிக்காமல் வேரடியில் விடுவது நல்லது. மடிப்புக்குள் தங்குகிற ஈரம்தான் வெள்ளைப் பூஞ்சாண அழுகலுக்கும் சாம்பல் பூஞ்சாணத்துக்கும் வாசல் திறந்துவிடுகிறது. அழுகின செடியைக் கண்டால் அடிமண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஒரே நிலத்தில் வருடா வருடம் இதையோ லெட்யூஸையோ போடாமல், தானியப் பயிரைப் போட்டு மாற்றுங்கள். பூச்சிகளில் அசுவினியும், நாற்றை வெட்டும் புழுவும், ஈரத்தில் வரும் நத்தையும் முக்கியம். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் கண்டபடி மருந்தடிக்கக் கூடாது. வேளாண்மைத் துறை அலுவலரைக் கேட்காமல் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

கியோஜா மாதிரி உருண்டை ரகங்களில், நட்டு 2 மாதம் முதல் 3 மாதத்துக்குள் அறுவடை வரும். கையால் அழுத்திப் பாருங்கள். முட்டைகோஸ் போல இறுகி இருந்தால் அடியில் அறுத்துவிடலாம். மேலே பச்சையாக இருக்கும் தளர்ந்த இலைகளை உரித்தால் உள்ளே சிவப்பு உருண்டை இருக்கும். எல்லாச் செடியும் ஒரே நாளில் தயாராகாது. மூன்று, நான்கு தடவை வயலுக்குள் போய்ப் பொறுக்கி அறுக்க வேண்டியிருக்கும்.

விதை எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது தன் மகரந்தத்தை ஏற்காத செடி. தேனீயும் மற்றப் பூச்சிகளும் பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொண்டுவந்தால்தான் காய்க்கும். பக்கத்தில் காட்டுச் சிக்கரி பூத்திருந்தால் அடுத்த தலைமுறை கலந்துபோகும். திரெவீசோ பக்கத்துக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நல்ல செடிகளைப் பலவாகப் பொறுக்கித் தனியே பூக்கவிட்டு விதை எடுத்துத்தான் தங்கள் ரகங்களை உருவாக்கினார்கள். இப்போது கம்பெனி வீரிய விதைகளும் உண்டு. அதிலிருந்து விதை எடுத்தால் அடுத்த பயிர் ஒரே சீராக வராது.

இருட்டும் தண்ணீரும்

இனி, நான் சொன்ன இரண்டாவது பாதிக்கு வருகிறேன்.

திரெவீசோவின் பின்பட்டத்து ராடிக்கியோவை வயலில் போய்ப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். நவம்பரில் பனி அடித்து, வெளி இலையெல்லாம் கருகித் தொங்கி, பார்க்கச் சகிக்காத செடியாக நிற்கும். நவம்பருக்கு முன்னால் அறுக்கக் கூடாது, குறைந்தது இரண்டு தடவையாவது உறைபனி பட்டிருக்க வேண்டும் என்பது அங்கே கணக்கு. குளிர் பட்டதும் செடியின் மேல் வளர்ச்சி நின்றுபோகும். அதுவரை இலை சேர்த்த உணவெல்லாம் வேரில் இருப்பாக இருக்கும். குதிரில் நெல் இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த நேரத்தில் செடியை வேரோடு தோண்டி எடுக்கிறார்கள். மண்ணை உதறி, கெட்டுப்போன வெளி இலைகளைக் கழித்து, கூடைகளில் நெருக்கமாக நிறுத்துகிறார்கள். அந்தக் கூடைகளைக் கொட்டகைக்குள் தொட்டியில் வைத்து, வேர் மூழ்கும் அளவுக்கு ஊற்றுத் தண்ணீரை ஓடவிடுகிறார்கள். திரெவீசோ வட்டாரம் ஊற்றுகள் நிறைந்த பூமி. அங்கே ஓடும் சீலே ஆறே ஊற்றுகளில் பிறப்பதுதான். நிலத்தடியிலிருந்து வருவதால் வெளியே உறைபனி கொட்டும்போதும் அந்தத் தண்ணீர் 11 டிகிரியை ஒட்டியே இருக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியற்காலையில் வெதுவெதுப்பாகத் தெரிவது மாதிரிதான்.

வெளியே குளிர், வேருக்கு மட்டும் இதமான தண்ணீர், மேலே இருட்டு. செடி என்ன செய்யும்? "காலம் மாறிவிட்டது போலிருக்கே" என்று ஏமாந்து, வேரில் இருக்கும் இருப்பைச் செலவழித்து நடுவிலிருந்து புதுக் குருத்து விடும். வெளிச்சம் இல்லாததால் பச்சையம் உண்டாகாது. பச்சை இல்லாத இடத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியும், நரம்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். இலை மொறுமொறுப்பாகவும், கசப்பு இதமாகவும் ஆகிவிடும்.

இது நமக்குப் புரியாத வித்தை இல்லை. அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் தாய்மார்கள் பயறை மண்சட்டியில் விதைத்து வெளிச்சம் படாத அறையில்தானே வைக்கிறார்கள்? அதனால்தானே முளை வெளுத்து, நெடுநெடுவென்று, இளசாக வருகிறது? பயறு தன் பருப்பில் இருக்கிற இருப்பைத் தின்று வளர்கிறது. இந்தச் செடி வேரில் இருக்கிற இருப்பைத் தின்று வளர்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏறக்குறைய இரண்டு வாரம், குளிர் கடுமையாக இருந்தால் இன்னும் சில நாள், தண்ணீரில் வைத்த பிறகு எடுத்து, பழைய இலைகளையெல்லாம் கழித்துவிடுகிறார்கள். வேரைச் சில அங்குலம் மட்டும் விட்டு, கத்தியால் சீவிக் கூராக்கி, நல்ல தண்ணீரில் கழுவிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அந்தத் துண்டு வேரையும் சாப்பிடலாம். வயலில் தோண்டிய எடையில் பெரும்பங்கு கழிவாகப் போய்விடும். மீதி இருப்பதில்தான் அத்தனை செலவும் ஏற வேண்டும். குளிரில் நின்று ஒவ்வொன்றாகக் கையால் சீவுகிற கூலியும் அதில்தான் ஏறுகிறது. விலை ஏன் அதிகம் என்று இப்போது விளங்குகிறதா?

கெடாமல் வைப்பது

அறுத்த கீரை உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. சூடு கூடினால் மூச்சும் வேகமாகும், இலை வாடும். ஆகவே வெயில் ஏறுமுன் அறுத்து, உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரத்தோடு கட்டக் கூடாது. குவியலாகப் போட்டு மேலே மூட்டை ஏற்றக் கூடாது. நசுங்கின இலையில் அழுகல் முதலில் விழும்.

குளிர்பதனக் கிடங்கில் 0 முதல் 1 டிகிரியும் 95 சதவீதத்துக்கு மேல் காற்று ஈரமும் இருந்தால் இறுகின உருண்டை சில வாரம் தாங்கும். வீட்டுக் குளிர்பெட்டியில் என்றால், கழுவாமல், அறுக்காமல், முழு உருண்டையாக, துளையிட்ட பையிலோ லேசாக நனைத்துப் பிழிந்த துணியிலோ சுற்றி அடித்தட்டில் வையுங்கள். ஒரு வாரம் தாராளமாக இருக்கும், நல்ல உருண்டை இரண்டு வாரமும் தாங்கும். சமைக்கும்போது கழுவினால் போதும். வெட்டின பாதி சீக்கிரம் ஓரம் பழுக்கும். வெளி இலை வாடினால் முழுவதையும் எறிந்துவிடாதீர்கள், இரண்டு இலையை உரித்தால் உள்ளே நன்றாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி பக்கத்தில் இதை வைக்காதீர்கள். பழம் பழுக்கும்போது வெளிவிடுகிற வாயு கீரையைச் சீக்கிரம் முதுமையாக்கிப் பழுப்புப் புள்ளி விழவைக்கும். லாரியில் ஏற்றும்போதும் இதைக் கவனிக்க வேண்டும்.

சமைக்கும் பக்குவம்

பாகற்காயும் சுண்டைக்காயும் வேப்பம்பூ ரசமும் சாப்பிடுகிற நம் தாய்மார்களுக்குக் கசப்பை எப்படி அடக்குவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. புளிப்பு, உப்பு, எண்ணெய், கொஞ்சம் இனிப்பு. இத்தாலிக்காரர்கள் செய்வதும் அதேதான். அவர்களுக்குப் புளிக்குப் பதில் காடி, நல்லெண்ணெய்க்குப் பதில் ஆலிவ் எண்ணெய்.

பச்சையாகச் சாப்பிட, இலையைக் கிழித்து அரைமணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வையுங்கள். கசப்பில் ஒரு பங்கு தண்ணீரில் இறங்கும், இலையும் விறைக்கும். வடித்து, உப்பு, எலுமிச்சைச் சாறு, எண்ணெய் விட்டுப் பிசறினால் போதும். வெனெத்தோ கிராமங்களில் வெந்து குழைந்த பயற்றங்கொட்டையைச் சூடாக இந்த இலை மேல் ஊற்றிச் சாப்பிடுவார்கள். பயற்றின் மாவுத்தன்மையில் கசப்பு அமுங்கிவிடும்.

வாட்டிச் சாப்பிடுவது இன்னொரு முறை. அடிக்கட்டை பிரியாமல் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, எண்ணெயும் உப்பும் தடவி, சூடான தோசைக் கல்லில் இரண்டு பக்கமும் ஓரம் கருகும் வரை வாட்டுகிறார்கள். இறக்கியதும் கொஞ்சம் காடி தெளிக்கிறார்கள். மூன்றாவது, சோறு. வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, நறுக்கின இலையைப் போட்டு, அரிசியைச் சேர்த்து, கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக் குழைய வேகவைக்கிறார்கள். கடைசியில் பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டால் முடிந்தது. நம் பொங்கல் பதத்துக்கு இருக்கும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். வெந்தால் இந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை. சிறிது எலுமிச்சையோ காடியோ விட்டால் சிவப்பு ஓரளவு நிற்கும். சோடா உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், கீரை நீலமாக மாறி யாரும் தொடமாட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இனி முக்கியமான விஷயம். வெளிநாட்டுக் காய்கறிக்கு நல்ல விலை என்று கேள்விப்பட்டு, விதையைத் தபாலில் வரவழைத்து, ஏக்கர் கணக்கில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். நான் முன்னால் சொன்னதை நினைத்துப் பாருங்கள். குளிர் இல்லாவிட்டால் நிறம் இல்லை. நிறம் இல்லாவிட்டால் இது வெறும் கசப்புக் கீரை. அதற்குச் சந்தையில் இடம் இல்லை. ஆகவே சமவெளி விவசாயிகள் இதில் கைவைக்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். சித்திரை வெயிலில் மட்டும் இல்லை, தை மாதத்துப் பகல் சூட்டிலும் நம் சமவெளி இதற்கு ஏற்ற இடம் இல்லை.

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் முட்டைகோஸ், காரட், லெட்யூஸ் பயிர் செய்து பழகினவர்கள் சோதித்துப் பார்க்கலாம். அங்கே இரவுக் குளிர் உண்டு. நம் மலைகளில் வருடத்தின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்துக்கு உள்ளேதான் இருக்கும். மழைக்காலத்தில் அழுகல் அதிகமாகும் என்பதால், கனமழை ஓய்ந்து குளிர் ஏறும் காலத்தில் உருண்டை கட்டும்படி விதைக்க வேண்டும். கியோஜா மாதிரி உருண்டை ரகத்தில் தொடங்குங்கள். தண்ணீரில் வைத்துப் பக்குவப்படுத்தும் திரெவீசோ ரகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு போடலாம்? ஒரு சென்ட் போதும். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. ஓரடிக்கு ஒரு செடி என்று, வழியும் வாய்க்காலும் போக, 350 செடி நடலாம். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு எண்ணை மட்டும் எழுதுங்கள். 350-இல் எத்தனை இறுகி உருண்டை கட்டியது, எத்தனை பூத்தண்டு விட்டது, எத்தனை அழுகியது, கட்டியதில் எத்தனையை வியாபாரி எடுத்துக்கொண்டார். நாலாவது எண்தான் உங்கள் விளைச்சல். முதல் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு அடுத்த வருடம் ஏக்கராக்கினால் நட்டம் வீடு தேடி வரும்.

விதைக்கும் முன்பே வாங்குகிறவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். தக்காளி மீந்தால் ஊரில் விற்கலாம், முட்டைகோஸ் மீந்தால் பொரியல் செய்யலாம். இந்தக் கீரை மீந்தால் அக்கம்பக்கத்தில் கேட்பாரில்லை. எந்த ஓட்டல், எந்தக் கடை, வாரத்துக்கு எத்தனை கிலோ, எந்த அளவு உருண்டை, வண்டிச் செலவு யாருடையது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். தனி ஒருவர் பேசுவதைவிட, பத்துப் பேர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து, ஆளுக்கொரு வாரம் என்று முறை வைத்து நட்டால், வாங்குகிறவருக்கும் தொடர்ந்து சரக்கு கிடைக்கும், உங்களுக்கும் பேரம் பேச வலு இருக்கும். கழிக்கும் இலைகளை மாட்டுக்குப் போடலாம். நியூசிலாந்து நாட்டில் தீவனத்துக்கென்றே சிக்கரி பயிரிடுகிறார்கள்.

இந்தக் கீரையை ஒருநாளும் பயிரிடாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. திரெவீசோ விவசாயிக்கு இயற்கை கொடுத்தது ஒரு கசப்புச் செடி, ஒரு கடுங்குளிர், கொஞ்சம் ஊற்றுத் தண்ணீர். மூன்றுமே விலைக்கு விற்கக்கூடியதாகத் தெரியவில்லை. அவர் மூன்றையும் சேர்த்தார், பொறுத்திருந்தார், கழிக்க வேண்டியதைக் கழித்தார், நல்லதை மட்டும் சந்தைக்கு அனுப்பினார், ஊர்ப்பெயரைக் கெடாமல் காத்தார். நம் கத்தரிக்காயையும் முருங்கையையும் வயலிலிருந்து அப்படியே மூட்டை கட்டி அனுப்புகிறோம். வெயிலில் கிடக்கிற மூட்டையைத் தரம் பிரித்து நிழலில் வைத்தாலே எத்தனை கிலோ மிஞ்சும் என்று இந்த வாரம் எடைபோட்டுப் பாருங்கள். அதற்கு விதையும் வாங்க வேண்டாம், மலைக்கும் போக வேண்டாம்.

மலைப்பகுதி விவசாயிகள் சோதனை நடவு செய்ய விரும்பினால், உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் மண் பரிசோதனை முடிவோடு போய்ப் பேசுங்கள்.